பூச்சியின் மயிரும் மனிதரின் வரலாறும்

மயிர் என்னும் சொல் நமது பேச்சு வழக்கில் அற்பத்தின் மறுபெயராய் வழங்குகிறது. தம் நிலையினின்று தாழ்ந்த மாந்தருக்குத் தலையினின்று உதிர்ந்த மயிரையே வள்ளுவரும் உவமை கூறினார். மனிதரின் மயிருக்கே இதுதான் மதிப்பு எனின், ஈயினதும் நுளம்பினதும் மயிரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது வீண்வேலை என்று வாசகர் நினைத்தல் கூடும். பஞ்சமும் வேலையின்மையும் நிலப்பிரச்சினையும் இருக்க, பூச்சியின் மயிரா நமக்குப் பொருள் என்று சிலர் வினவவும் கூடும். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஈ நமது உணவுத் தட்டில் வந்து அமர்கிறது. அமர்ந்தவுடனேயே அது உணவின் சுவையை அறிந்துவிடுகிறது. ஏனெனில் அதன் காலிலுள்ள மயிர்களும் அதற்கு நாக்காகத் தொழிற்படுகின்றன. குசினிச் சுவரில் நிற்கும் கரப்பான் பூச்சியை அடிக்கத் தும்புத்தடியை ஓங்குகிறோம். தடி விழுமுன் அது ஓடிவிடுகிறது. அதன் பின்முனையிலுள்ள இரு சிறு நீட்சிகளில் நிரைநிரையாக நிற்கும் மெல்லிய மயிர்கள், தடிக்கு முன்னே வரும் காற்றின் அசைவை அறிந்து செய்தி அனுப்பிவிடுகின்றன. மாலையிற் கூட்டமாய்ப் பறக்கும் ஆண் நுளம்பு, தன் உணர்கொம்பில் இறகுபோற் செறிந்த மயிர்களின் துணைகொண்டு பெண் நுளம்பின் சிறகோசையை இனங்காண்கிறது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு இனத்தின் ஆணில் இம்மயிர்கள் பகலிற் படிந்து கிடந்து, பறக்கும் வேளையில் விரிந்து நிற்பதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

உயிர்களை அறிவின் தொகையால் வகுத்த தொல்காப்பியம், சிதலுக்கும் எறும்புக்கும் ஊறு, சுவை, நாற்றம் ஆகிய மூன்றறிவை உரிமையாக்கிற்று. நண்டுக்கும் தும்பிக்கும் காட்சியையும் சேர்த்து நான்கறிவு தந்தது. மரபியலைக் கற்பிக்குந்தோறும் நாம் இவ்வகுப்பை மாணவருக்கு விளக்குகிறோம். அந்த மூன்றறிவும் பூச்சியிடத்துப் பெரும்பாலும் மயிரின் தொழிலாகவே உள்ளன என்பதைப் பிற்கால விஞ்ஞானம் கண்டது. தொல்காப்பியம் பூச்சிக்கு வழங்காத செவியறிவையும் அது பூச்சியிடம் கண்டது. எனவே பூச்சியின் மயிர் அலங்காரம் அன்று. அதுவே பூச்சிக்கு உலகம் நுழையும் வாயில்.

குளமும் குடம்பியும்

கிளிநொச்சியின் வரலாறு நீரின் வரலாறு. 20ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 1930களில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு, இங்கே குடியேற்றத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. காடு வெட்டி வயல் ஆக்கிய அம்மக்களை எதிர்கொண்டவை யானையும் பாம்பும் மாத்திரமல்ல. உலர்வலயம் முழுவதிலும் குளத்தோடும் வாய்க்காலோடும் மலேரியாக் காய்ச்சலும் குடியிருந்தது. நிலம் இருந்தும் நீர் இருந்தும் நூற்றாண்டுகளாக மக்கள் இப்பெரும் பரப்புகளில் நிலைகொள்ள இயலாமற் போனமைக்கு அந்நோய் ஒரு முக்கிய காரணம்.

1897 ஓகஸ்டில் செகந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அன்றிலிருந்து கேள்வியின் வடிவம் மாறிற்று. நுளம்பு எனப் பொதுப்படக் கூறிப் பயனில்லை. நுளம்பில் இனங்கள் பல. எந்த இனம் நோயைக் காவுகிறது, அது எத்தகைய நீரில் முட்டையிடுகிறது என்று அறிந்தாலன்றி அதனை எதிர்க்க வழியில்லை. இலங்கையில் எச். எவ். காட்டர் முதலிய ஆய்வாளர்கள் 1920களில் இத்தேடலில் ஈடுபட்டனர். அனோபிலிசு கியூலிசிபேசீசு என்னும் இனமே இத்தீவின் முதன்மையான குற்றவாளி எனத் தெளிவாயிற்று.

இனத்தை அறிவது எங்ஙனம்? இங்கேதான் மயிர் வரலாற்றினுள் நுழைகிறது. நுளம்பின் குடம்பி நீரில் வாழ்வது. அதன் தலையிலும் மார்பிலும் வயிற்றிலும் மயிர்கள் குறித்த இடங்களில் நிற்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றுக்கு எண்ணிட்டுப் படம் வரைந்தனர். தலையின் முன்விளிம்பிலுள்ள மயிர் தனித்து நிற்கிறதா, கிளைத்து நிற்கிறதா, இரண்டு மயிர்களுக்கிடையே இடைவெளி எவ்வளவு என நுணுக்குக்காட்டியினூடு நோக்கி இனத்தைத் தீர்மானித்தனர். அனோபிலிசுக் குடம்பி நீர்மட்டத்தோடு கிடையாகக் கிடப்பதற்குத் துணைசெய்வதும், அதன் முதுகில் விரித்த பனையோலை போன்று அமைந்த மயிர்க் குலைகளே. குளக்கரையில் அகப்பையுடன் சென்று நீர் மொண்டு குடம்பியைத் தேடிய பணியாளரின் அறிவு, ஈற்றில் மயிரை வாசிக்கும் அறிவாகவே இருந்தது.

அந்த அறிவு இருந்தும் 1934–35இல் பேரழிவு நேர்ந்தது. மழை பொய்த்தது, ஓடும் ஆறுகள் தேங்கிய குட்டைகளாயின, குட்டைகளில் அந்நுளம்பு பெருகிற்று. ஏறக்குறைய 80,000 மக்கள் மாண்டனர். பட்டினியால் மெலிந்த ஏழை விவசாயக் குடும்பங்களே பெரும்பாலும் பலியாயின. மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்களுட் பலர், 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். இந்நாட்டின் இடதுசாரி இயக்கத்தின் தொட்டிலருகே மலேரியாவும் நின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பின்னர் டீ.டீ.ரீ. வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டிவிட்டது என்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. இதனைவிடக் கொடிய பாடம் எந்த நாட்டுப் பொதுச் சுகாதார வரலாற்றிலும் அரிது. அதன்பின் போர் வந்தது; போர் நிகழ்ந்த மாவட்டங்களில் நோய் மிகுந்தது. எனினும் பணியாளர்கள் நுளம்பைத் தேடுவதை விட்டுவிடவில்லை. 2012 ஒக்டோபரின் பின்னர் இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னார்க் கிணறுகளில் எடுத்த குடம்பிகளிடையே, இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிசு ஸ்டீபென்சி இத்தீவில் முதன்முறையாக அடையாளங் காணப்பட்டது. ஆகவே குடம்பியைத் தேடும் கண்ணுக்கு இன்னும் ஓய்வில்லை.

ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

மயிரைக் கொண்டு இனத்தைப் பிரிக்கலாம் எனின், ஓரினத்தின் ஆயிரம் பூச்சிகளிலும் மயிர் அதே இடத்தில் நிற்கிறது என்பது பொருள். இஃது எவ்வாறு இயலும்? எமது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியராகிய நண்பர், வாய் அகன்ற போத்தலில் கனிந்த கதலி வாழைப்பழத்தை இட்டு வைத்தார். இரண்டு நாளிற் பழ ஈக்கள் மொய்த்தன. அவற்றை மயக்கி, இருந்த ஒரே நுணுக்குக்காட்டியின் கீழ் இட்டு, முதுகின் பின்முனையிலுள்ள முக்கோணத் தகட்டில் எத்தனை பெரிய மயிர்கள் உள்ளன என எண்ணும்படி மாணவரைப் பணித்தார். வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக "நான்கு", "நான்கு", "நான்கு" என்றனர். அப்போது ஒரு மாணவி, "ஐயா, இதை எண்ணி வைப்பது யார்?" என்று கேட்டாள். அவள் வேடிக்கையாகக் கேட்ட வினா, நூறாண்டு விஞ்ஞானத்தின் வினாவாகும்.

பழைய விடைகள் இரண்டு. படைத்தவன் எண்ணி வைத்தான் என்பது ஒன்று. முட்டைக்குள்ளேயே சிறு வடிவில் எல்லாம் முன்னரே வரையப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கேள்வியை ஓர் அடி பின்னே தள்ளுகின்றனவேயன்றித் தீர்ப்பதில்லை.

லண்டனில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய வின்சன்ட் விக்கிள்ஸ்வேர்த் 1940இல் வெளியிட்ட ஆய்வு புதிய வழியைத் திறந்தது. அவர் எடுத்துக்கொண்டது தென்னமெரிக்க ஏழைகளின் மண்குடிசைகளில் இரத்தம் குடித்துச் சாகாசு நோயைப் பரப்பும் றொட்னியசு என்னும் மூட்டுப்பூச்சி. அப்பூச்சி வளருந்தோறும் தோல் கழற்றுகிறது. ஒவ்வொரு முறையும் தோற் பரப்பு விரிகிறது. புதிய மயிர்கள் தோன்றுகின்றன. அவை எங்கே தோன்றுகின்றன? பழைய மயிர்களுக்கிடையே எங்கு வெற்றிடம் பெரிதாயிற்றோ, அங்கே தோன்றுகின்றன. அடர்ந்த மரத்தின் நிழலில் அதே மரத்தின் கன்று தழைப்பதில்லை. வெட்டவெளி கிடைத்த இடத்திலே தழைக்கிறது. அதுபோல, ஒவ்வொரு மயிரும் தன்னைச் சூழ்ந்த சிறு வட்டத்துள் இன்னொரு மயிர் எழாதவாறு தடுக்கிறது என்று அவர் முடிவு செய்தார். எண்ணி வைப்பவர் எவருமில்லை. அயலாருக்கிடையேயுள்ள உறவே ஒழுங்கைப் படைக்கிறது.

மொஸ்கோவின் ஈக்கள்

ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. பழ ஈயின் முதுகின் ஒவ்வொரு பாதியிலும் 11 பெரிய மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனிப்பெயர் பெறுமளவுக்கு மாறாத இடத்தில் நிற்கின்றன. வெறும் இடைவெளி விதி இதனை விளக்காது. இங்கே பரம்பரையலகு பற்றிய அறிவு வேண்டியதாயிற்று.

1910இல் நியூயோர்க்கில் தோமஸ் மோர்கன் வெண்கண் கொண்ட பழ ஈ ஒன்றைக் கண்டதிலிருந்து, இச்சிற்றுயிர் பரம்பரை விஞ்ஞானத்தின் கருவியாயிற்று. அவரது மாணவர் ஹேர்மன் முல்லர் 1922இல் ஈக்களைப் போத்தல்களில் எடுத்துக்கொண்டு சோவியத் நாட்டுக்குச் சென்றார். புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் கடந்து எழுந்துகொண்டிருந்த அந்நாட்டில் அவ்வீக்கள் ஒரு புதிய தலைமுறை விஞ்ஞானிகளை உருவாக்கின. எக்ஸ் கதிர்கள் பரம்பரையலகில் மாற்றத்தை விளைவிக்கும் என்று 1927இல் முல்லர் காட்டியதும், மொஸ்கோவில் அலெக்சாண்டர் செரெப்ரோவ்ஸ்கியின் ஆய்வுகூடத்தில் அம்முறை கையாளப்பட்டது. நிக்கொலாய் டுபினின், இஸ்ராயேல் அகோல் முதலியோர், மயிர்களை அகற்றும் ஸ்கியூட் என்னும் பரம்பரையலகின் பல்வேறு விகாரங்களைப் பெற்றனர்.

அவர்கள் கண்டது வியப்பானது. ஒரே பரம்பரையலகின் ஒரு விகாரம் சில மயிர்களை நீக்கிற்று. மற்றொரு விகாரம் வேறு சில மயிர்களை நீக்கிற்று. இரண்டின் பட்டியல்களும் ஒரு பகுதியிற் பொருந்தி ஒரு பகுதியில் வேறுபட்டன. பரம்பரையலகு பிளவுபடாத மணி அன்று, அது பல பகுதிகளைக் கொண்டது என 1929–30 ஆண்டுகளிலேயே அவர்கள் துணிந்து கூறினர். அவர்களது கொள்கையின் விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன. எனினும் பரம்பரையலகை உட்பகுப்புடைய பொருளாக நோக்கிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, ஈயின் மயிரை எண்ணியே செய்யப்பட்டது.

அவர்களுக்கு நேர்ந்தது யாது? அகோல் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். மார்க்சிய மெய்யியலிலும் நூல் எழுதியவர். அமெரிக்கா சென்று முல்லருடன் பணியாற்றித் திரும்பியவர். 1936 டிசம்பரில் அவர் சதிகாரர் எனக் கைதுசெய்யப்பட்டு, 1937 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாசிகள் ஆட்சிக்கு வந்த பேர்லினை விட்டு 1933இல் சோவியத் நாட்டுக்கு வந்து சேர்ந்த முல்லர், 1937இல் அந்நாட்டையும் விட்டு நீங்கினார். பயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த பேரறிஞர் நிக்கொலாய் வவிலோவ் 1943இல் சராதோவ் சிறையில் மாண்டார். 1948 ஓகஸ்டில் லைசென்கோவின் கொள்கையே அரசின் கொள்கை எனப் பிரகடனஞ் செய்யப்பட்டது, பழ ஈயை ஆராய்வோர் மக்களுக்குப் பயனற்ற வேலையில் ஈடுபட்டோராக ஏளனஞ் செய்யப்பட்டனர், ஆய்வுகூடங்கள் மூடப்பட்டன. 1964இல் குருஷேவ் பதவியிழந்த பின்னரே அக்கொள்கையின் ஆட்சி ஓய்ந்தது.

இதனை நாம் ஏன் கூறுகிறோம்? சோசலிசத்தின் எதிரிகள் இக்கதையைத் தமது ஆயுதமாக்கிக் கொண்டது உண்மை. அதனாலேயே நம்மவரிற் பலர் இதனைப் பேசாது விட்டனர். மார்க்சியரும் மாபெரும் உயிரியலாளருமான ஜே. பி. எஸ். ஹால்டேன் கூட அன்று வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். ஆனால் கொல்லப்பட்ட அகோல் நம்மவர். ஈயின் மயிரில் உண்மையைத் தேடிய பொதுவுடைமையாளர். அவரைப் பற்றிய மௌனம் அவரை இரண்டாம் முறை கொல்வதாகும். "மக்களுக்கு உடனே பயன்படாத அறிவு வேண்டாம்" என்ற கூற்று மக்கள்பற்றின் குரலாகவே ஒலித்தது. அதன் விளைவை அனுபவித்தவர்களும் அம்மக்களே.

சமமானவற்றின் வழக்கு

மயிரின் வரலாறு வேறிடங்களில் தொடர்ந்தது. நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது தாயகம் திரும்ப வழியின்றி அமெரிக்காவிலேயே தங்கிய யூத விஞ்ஞானி கேர்ட் ஸ்டேர்ன், ஓருடலிலேயே இயல்பான கலங்களும் விகாரக் கலங்களும் கலந்து நிற்கும் ஈக்களை ஆராய்ந்தார். மயிர் தோன்றவேண்டிய இடத்தில் இயல்பான கலங்கள் சில மாத்திரம் இருந்தாலும், சுற்றிலும் விகாரக் கலங்களே நிறைந்திருந்தாலும், அங்கே மயிர் தோன்றிற்று. ஆதலின் இடத்தைச் சுட்டும் குறிப்பு இருவகை உடலிலும் ஒன்றே. அக்குறிப்புக்குச் செவிசாய்க்கும் ஆற்றலிலேயே வேறுபாடு உளது என்று 1950களில் அவர் எடுத்துரைத்தார்.

1970களிலும் 1980களிலும் ஸ்பெயினின் மட்றிட் நகரில் அந்தோனியோ கார்சியா பெய்யிதோவும் குவான் மொதொலெய்யும் அவர்தம் குழுவினரும் அந்தப் பழைய ஸ்கியூட் பகுதியையே எடுத்து ஆராய்ந்தனர். அங்கே நெருங்கிய உறவுடைய நான்கு பரம்பரையலகுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த நீண்ட இழையில், "இவ்விடத்து மயிருக்கு இப்பகுதி", "அவ்விடத்து மயிருக்கு அப்பகுதி" எனத் தனித்தனிக் கட்டளைப் பகுதிகள் விரவிக் கிடந்தன. ஒரு பகுதி சிதைந்தால் ஓரிடத்து மயிர் மறைகிறது. வேறு பகுதி சிதைந்தால் வேறிடத்து மயிர் மறைகிறது. மொஸ்கோ இளைஞர்கள் எண்ணிக் கண்ட புதிருக்கு ஐம்பதாண்டின் பின்னர் விடை கிட்டிற்று.

இன்று நாம் அறிவது இது. கட்டளைப் பகுதிகளின் ஏவலால், தோலில் குறித்த இடத்தில் ஒரு சிறு கூட்டம் கலங்கள் மயிராகும் தகுதியைப் பெறுகின்றன. அக்கூட்டத்தில் எல்லாக் கலங்களும் சமமானவை, எதுவும் மயிராகலாம். ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் டெல்டா என்னும் புரதத்தை நீட்டி, அயற்கலத்தின் நொச் என்னும் புரதத்தைத் தொட்டு, "நீ ஆகாதே" என்று தடுக்கிறது. தொடக்கத்தில் யாவும் ஒன்றையொன்று சமமாகத் தடுக்கின்றன. ஏதோ ஒரு சிறு வேற்றுமையால் ஒரு கலம் சற்றே முந்துகிறது. முந்தியது அயலை வலிதாகத் தடுக்கிறது. தடுக்கப்பட்டதன் எதிர்த்தடை மெலிகிறது. எதிர்த்தடை மெலியவே முந்தியது மேலும் வலுக்கிறது. இவ்வாறு கடுகளவு வேற்றுமை மலையளவாகி, ஒரு கலம் மயிரின் தாயாகிறது; ஏனையவை சாதாரணத் தோலாகின்றன. அத்தாய்க்கலம் பிரிந்து, மயிரின் தண்டாக ஒன்று, தண்டு நிற்கும் குழியாக ஒன்று, நரம்பாக ஒன்று, நரம்பின் உறையாக ஒன்று என நான்கு கலங்களைத் தருகிறது.

பஸ்கல் ஹைற்ஸ்லரும் பற் சிம்சனும் 1991இல் இதனைத் தெளிவாக நிறுவினர். நொச் குறைந்த கலமும் மிகுந்த கலமும் அருகருகே நிற்கும்போது, குறைந்ததே மயிராயிற்று. மிகுந்தது தடைக்கு அடங்கிற்று. எனவே ஒரு கலத்தின் விதியை நிர்ணயிப்பது அதன் தனித்த இயல்பு மாத்திரமன்று. அயலோடு ஒப்பிடுகையில் அதன் நிலையுமாகும். இதற்கு ஒத்த செய்தியை வெட்டுக்கிளியின் கருவில் 1985இலேயே வேறு இரு ஆய்வாளர் கண்டிருந்தனர். நரம்பாகத் தெரிவான கலத்தை அவர்கள் ஒளிக்கதிரால் அழித்தனர். உடனே அயற்கலம் ஒன்று அதன் இடத்தைப் பெற்றது. அடக்கப்பட்டிருந்த அந்த அயற்கலம், அதுகாறும் ஆற்றலற்றிருந்தது அன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். கலங்களின் நடத்தையிலிருந்து சமுதாய நீதியைப் பெற முயல்வது பிழை. பிறப்பாலே உயர்வு தாழ்வு கற்பிப்போர் இயற்கையைச் சாட்சிக்கு அழைத்த கதையை நாம் நன்கறிவோம். அதே தவற்றை நாமும் செய்தலாகாது. சாதி ஒழிய வேண்டும் என்பதற்கு ஈயின் முதுகு ஆதாரமாக வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கூறலாம். பொருள்களை அவற்றின் உறவுகளிலும் அசைவிலும் வைத்து நோக்க வேண்டும் என்னும் முறைக்கு, இம்மயிரின் கதை சிறந்த பயிற்சியாகும்.

பம்பாயில் ஒரு பெண்

இவ்வரலாறு மேற்கு நாடுகளுக்கு மாத்திரம் உரியதன்று. 1962இல் ஒபெய்ட் சித்திக்கி பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியற் பிரிவைத் தொடக்கினார். 1970களில் அவர் பழ ஈயின் சுவையையும் மோப்பத்தையும் ஆராயத் தலைப்பட்டார். கென்யாவிற் பிறந்து, உகண்டாவிலும் அயர்லாந்திலும் கல்வி கற்ற கோவா வழியினரான வெரோனிகா றொட்றிகஸ் 1977இல் அவரது ஆய்வுகூடத்தில் இணைந்தார். மேற்கே செல்வதே உயர்வு என எண்ணப்பட்ட காலத்தில் அவர் கிழக்கே வந்தார்.

வாசனையை அறிய இயலாத ஈக்களைத் தேடிப் பிடித்து, குறை எந்தப் பரம்பரையலகில் உள்ளது என அவர்கள் ஆராய்ந்தனர். ஈயின் உணர்கொம்பில் மூவகை மோப்ப மயிர்கள் உள்ளன: தடித்த முளை போன்றவை, நீண்ட மயிர் போன்றவை, சிறு குழியினுள் நிற்பவை. இவை தோன்றும் ஒழுங்கை றொட்றிகசும் அவருடைய மாணவரும் ஆராய்ந்தனர். அற்றோனல் என்னும் பரம்பரையலகு இல்லாவிடின், குழியினுள் நிற்கும் வகை தோன்றுவதில்லை என 1997இல் அவர்கள் அறிவித்தனர். போத்தலும் பழமும் நுணுக்குக்காட்டியும் பொறுமையும் கொண்டு, ஒரு வறிய நாட்டின் ஆய்வுகூடம் உலக அறிவுக்குப் பங்களிக்கலாம் என்பதை அவர்கள் காட்டினர். றொட்றிகஸ் 2010இலும், சித்திக்கி 2013இலும் காலமாயினர்.

மயிரும் செவியும்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பூச்சியின் மயிரால் நமக்கு என்ன பயன்?

அற்றோனல் முதலில் 1993இல் அறியப்பட்டது, பூச்சி தன் உடலின் அசைவையும் ஒலியையும் உணரும் உறுப்புகளைத் தோற்றுவிக்கும் பரம்பரையலகாகவே. அதன் உறவுடைய பரம்பரையலகு சுண்டெலியிலும் மனிதரிலும் உண்டு. 1999இல் சுண்டெலியில் அதனை நீக்கிப் பார்த்தனர். அச்சுண்டெலியின் உட்செவியில் மயிர்க்கலங்களே தோன்றவில்லை. மயிர்க்கலம் என்பது செவியின் ஆழத்தில் நின்று ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் கலம். அதன் உச்சியில் மயிர்போன்ற நுண்ணிய நீட்சிகள் உள்ளன. மனிதச் செவி ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்களே உள்ளன. அவற்றுள் எது மயிர்க்கலமாகும், எது அதனைத் தாங்கும் அயற்கலமாகும் என்பதைத் தீர்மானிப்பதிலும் அதே நொச்சும் டெல்டாவும் பங்குகொள்கின்றன. ஈயின் முதுகில் நடந்த வழக்கே நமது செவிக்குள்ளும் நடந்தது.

கிளிநொச்சியில் பாடசாலைப் பெற்றோர் கூட்டம் நடைபெறும்போது, முன்வரிசையில் வந்தமர்ந்து, கையைக் காதோரம் குவித்து, பேசுவோரின் உதட்டையே நோக்கியிருக்கும் தாய் தந்தையர் சிலரை நாம் காண்கிறோம். 2009இல் முடிந்த போரின் எறிகணை ஓசை அவர்களது செவியில் இன்னும் முடிவுறவில்லை. பேரோசை மயிர்க்கலங்களை அழிக்கிறது. அழிந்த மயிர்க்கலங்கள் கோழிக்குஞ்சில் மீள முளைப்பதை 1980களின் இறுதியில் ஆய்வாளர் கண்டனர். மனிதரில் அவை மீள முளைப்பதில்லை. 2013இல் ஓசையாற் செவிடாக்கப்பட்ட சுண்டெலிகளில் நொச்சின் தடையை மருந்தால் தளர்த்தியபோது, அயற்கலங்கள் சில மயிர்க்கலங்களாக மாறின. கேள்வித்திறன் சிறிதளவு மீண்டது. தடை நீங்கின் அயற்கலம் எழும் என்ற வெட்டுக்கிளியின் பாடம் இங்கும் நினைவுகூரத்தக்கது. இழந்த மயிர்க்கலங்களை மனிதச் செவியில் மீள எழுப்பும் மருத்துவம் இன்னும் கைகூடவில்லை. கைகூடும் என நாம் வாக்களிக்கவும் இல்லை. ஆனால் அது ஒருநாள் கைகூடுமாயின், அதன் வழி மூட்டுப்பூச்சியின் தோலிலிருந்தும், மொஸ்கோவின் ஈக்களிலிருந்தும் தொடங்கியதாகவே இருக்கும்.

விக்கிள்ஸ்வேர்த் மூட்டுப்பூச்சியின் மயிரை எண்ணியபோதும், அகோல் ஈயின் மயிரை எண்ணியபோதும், அவர்கள் செவிட்டுத்தன்மையை எண்ணிப் பார்க்கவில்லை. அறிவு இவ்வாறே செல்கிறது. அதன் ஒவ்வோர் அடியையும் உடனடிப் பயன் என்னும் தராசில் இட்டு நிறுப்போர், ஆட்சியாளராயினும் வணிகராயினும், தம்மை மக்கள் சார்பினர் என்று கூறிக்கொள்வோராயினும், மக்களின் நாளைய உடைமையையே பறிக்கின்றனர். அதே வேளை, வன்னிக் குளக்கரையில் குடம்பியின் மயிரை வாசித்தவரின் எளிய அறிவு, கண்காணிப்பு உள்ளவரையே நம்மைக் காத்தது என்பதையும் மறத்தல் ஆகாது. அறிவு தானாக மக்களைச் சென்றடைவதில்லை. அதனைச் சென்றடையச் செய்யும் அமைப்பும் வேண்டும்.

ஆசிரியராகிய நமது பங்கு சிறிதாயினும் தெளிவானது. தமிழ்மொழிப் பாடசாலைகளில் விஞ்ஞானம் இன்று பெரும்பாலும் பரீட்சைக்கு மனனஞ் செய்யும் பாடமாகவே உள்ளது. நூறு பிள்ளைகளுக்கு ஒரு நுணுக்குக்காட்டி என்னும் நிலை கிராமப் பாடசாலைகளில் அருமையன்று. இந்நிலை மாறப் போராடவேண்டும். அதுவரை, ஒரு போத்தலும் ஒரு வாழைப்பழமும் எந்தப் பாடசாலையிலும் கிடைக்கும். அன்று "எண்ணி வைப்பது யார்?" என்று கேட்ட மாணவிக்கு, எவரும் எண்ணி வைக்கவில்லை என்று விளக்கினோம். அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ஐந்து மயிருள்ள ஈயும் எங்கேயாவது இருக்குமா?" என்று கேட்டாள். அருமையாக இருக்கும் என்றோம். மறுநாட் காலையில் அவள் வீட்டிலிருந்து ஒரு போத்தலோடு வந்தாள்.